திறப்பது யார், பூட்டுவது யார்? – வாசகர் கேள்வி பதில்

நோயெதிர்ப்பு செல்கள் உருவாகும்போது மரபணுக்கள் எப்படிக் கட்டுப்படுத்தப்படுகின்றன என்று கேட்டு வந்த கேள்விகளுக்கு இந்த முறை பதில்.

கேள்வி: உடம்பின் எல்லா செல்லிலும் ஒரே டி.என்.ஏ.தான் என்கிறார்கள். அப்படியானால் ஆன்டிபாடி தயாரிக்கும் பி செல்லும், கிருமியை விழுங்கும் மேக்ரோபேஜும் வேறு வேறாக இருப்பது எப்படி?

பதில்: டி.என்.ஏ.வின் எந்தப் பகுதி எட்டும் நிலையில் இருக்கிறது என்பதில்தான் வேறுபாடு. ஒரு மனித செல்லின் டி.என்.ஏ.வை நீட்டினால் சுமார் 2 மீட்டர் வரும். அது அப்படியே கிடப்பதில்லை. எட்டு ஹிஸ்டோன் புரதங்கள் சேர்ந்த உருளை ஒவ்வொன்றின் மேலும் 147 எழுத்து நீளத்துக்கு, இரண்டு சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றியிருக்கிறது. இதுதான் நியூக்ளியோசோம். சுருளுக்குள் மறைந்துபோன இடத்தில் பெரும்பாலான கட்டுப்பாட்டுப் புரதங்களால் போய் உட்கார முடியாது. புரதம் தயாரிக்கும் மரபணுக்கள் நம்மிடம் ஏறக்குறைய 20,000. அவற்றில் எவற்றின் அருகே சுருள் விலகியிருக்கிறது, எவற்றின் அருகே இறுகியிருக்கிறது என்பது செல்லுக்குச் செல் மாறும். பி செல்லின் மேற்பரப்பு அடையாளப் புரதமான சி.டி.19இன் மரபணு பி செல்லில் திறந்து கிடக்கும். மேக்ரோபேஜில் அதே மரபணு, அதே எழுத்துக்களோடு, மூடிக் கிடக்கும்.

'ஒரே டி.என்.ஏ.' என்ற விதிக்கு ஒரு விலக்கு உண்டு. பி செல்லும் டி செல்லும் தங்கள் ஏற்பி மரபணுக்களை உண்மையிலேயே வெட்டி ஒட்டிக்கொள்கின்றன. அதைப் பின்னால் ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

கேள்வி: எலும்பு மஜ்ஜையில் இருக்கும் ஸ்டெம் செல் பி செல்லாக மாற ஒரே ஒரு சுவிட்ச் போதுமா?

பதில்: சுவிட்ச் என்றாலே 'உண்டு, இல்லை' என்ற இரண்டு நிலைதான் மனதில் வருகிறது. இங்கே அளவும் முக்கியம். பி.யூ.1 என்ற கட்டுப்பாட்டுப் புரதம் அடியோடு இல்லாத எலிகளில் பி செல்லும் வராது, மேக்ரோபேஜும் வராது. அப்படிப்பட்ட எலிக்கருவின் கல்லீரலிலிருந்து முன்னோடி செல்களை எடுத்து, பி.யூ.1ஐ வைரஸ் மூலம் திரும்பக் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவுகள் 2000இல் வெளியாயின. குறைந்த அளவு கிடைத்த செல்கள் பி செல் வழியில் போயின. அதிக அளவு கிடைத்தவை மேக்ரோபேஜ் ஆயின. புரதம் ஒன்றுதான், அளவு மாறியது, செல்லின் தலைவிதி மாறியது.

அதற்குப் பின் வருவது ஒரு தொடர். முதலில் இ2ஏ என்ற கட்டுப்பாட்டுப் புரதம், அது இ.பி.எஃப்.1ஐ இயக்கும், இரண்டும் சேர்ந்து பாக்ஸ்-5ஐக் கொண்டுவரும். இதில் நடுவில் நிற்கும் இ.பி.எஃப்.1க்குத் தனித் திறமை உண்டு. மூடிய குரோமாட்டினிலும் (ஹிஸ்டோனில் சுற்றிய டி.என்.ஏ.விலும்) போய் ஒட்டி இடத்தைத் திறக்க அதனால் முடியும். பின்னால் வருபவர்களுக்கு வழி உண்டாவது அப்படித்தான். எந்தக் கண்ணி அறுகிறதோ அந்தப் படியிலேயே வளர்ச்சி நின்றுவிடும். எனவே உங்கள் சோதனையில் பி செல் இல்லை என்றால், எந்தப் படியில் செல்கள் குவிந்து நிற்கின்றன என்று முதலில் பாருங்கள். தடை எங்கே என்பதை அந்தக் குவியலே காட்டிக்கொடுக்கும்.

கேள்வி: பாக்ஸ்-5, பி செல் மரபணுக்களை இயக்குகிறது என்று பாடத்தில் உள்ளது. அதன் வேலை அவ்வளவுதானா?

பதில்: அது பாதி வேலைதான். மீதிப் பாதியைப் பாடப்புத்தகங்கள் போதிய அழுத்தத்தோடு சொல்வதில்லை என்பது எங்கள் ஆதங்கம். சி.டி.19 போன்றவற்றை பாக்ஸ்-5 திறக்கிறது. கூடவே டி செல் வழிக்கான நாட்ச்-1, மேக்ரோபேஜ் வளர்ச்சிக்கான சி.எஸ்.எஃப்.1 ஏற்பி போன்ற, பி செல்லுக்குச் சம்பந்தமில்லாத மரபணுக்களைப் பூட்டுகிறது. அந்தப் பூட்டு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை வியன்னாவில் உள்ள மூலக்கூறு நோயியல் ஆய்வு நிறுவனத்தில் மெய்ன்ராட் புஸ்லிங்கர் குழுவினர் 1999இல் காட்டினார்கள். பாக்ஸ்-5 இல்லாத எலியின் ஆரம்பநிலை பி செல்களை எடுத்து, வெவ்வேறு வளர்ச்சிக் காரணிகளைக் கொடுத்தபோது அவை மேக்ரோபேஜ் ஆயின. எலியின் உடம்பில் செலுத்தியபோது, டி செல்கள் வளரும் தைமஸ் சுரப்பியில் போய் டி செல் ஆயின.

'அவை முதலிலேயே வேறு செல்களாக இருந்து கலந்திருக்கலாமே' என்று சந்தேகம் வருவது நியாயம். அதற்கு விடை செல்லின் டி.என்.ஏ.விலேயே இருந்தது. ஆன்டிபாடி மரபணு வி (V), டி (D), ஜே (J) என்ற துண்டுகளை ஒட்டி உருவாகிறது; பிறந்த டி செல்லிலும் மேக்ரோபேஜிலும் அவற்றில் டி, ஜே துண்டுகள் ஏற்கெனவே வெட்டி ஒட்டப்பட்டிருந்தன. அந்தத் தழும்பு அழியாதது. ஆகவே அவை பி செல் வழியில் ஓரளவு நடந்துவிட்டுத் திரும்பி வந்தவை என்பது உறுதியாயிற்று.

2007இல் அதே குழு இன்னும் ஒரு படி போனது. முழுதாக முதிர்ந்த பி செல்லில் பாக்ஸ்-5ஐ நீக்கினார்கள். அந்தச் செல்கள் பின்னோக்கி நடந்து முன்னோடி நிலைக்கு வந்து, டி செல் இல்லாத எலியில் டி செல்களை உண்டாக்கின. கூடவே அந்த எலிகளில் தீவிரமான லிம்ஃபோமா புற்றுநோயும் வந்தது. முதிர்ந்த பிறகும் பூட்டு நாள்தோறும் பிடித்து வைக்கப்பட வேண்டும் என்பதுதான் இதன் பொருள். மனிதர்களிலும் இதற்குச் சான்று உண்டு. குழந்தைகளுக்கு வரும் பி செல் வகைக் கடும் லுகேமியாவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கில் பாக்ஸ்-5 மரபணு பழுதாகியிருப்பதை 2007இல் கண்டார்கள்.

கேள்வி: டி செல்லுக்கும் இப்படி ஒரு பாக்ஸ்-5 உண்டா?

பதில்: ஒரே புரதத்தைக் கைகாட்ட முடியாது. தைமஸுக்குள் நுழையும் முன்னோடி செல்லுக்கு அங்குள்ள மேற்பரப்புச் செல்கள் நாட்ச் சமிக்ஞையைக் கொடுக்கின்றன. அது டி.சி.எஃப்.1, காட்டா-3 என்ற கட்டுப்பாட்டுப் புரதங்கள் இரண்டையும் எழுப்புகிறது. ஆனால் அந்த நிலையிலும் செல் வேறு வழிக்குத் திரும்பலாம். கதவை அடைப்பது பி.சி.எல்.11பி என்ற இன்னொரு கட்டுப்பாட்டுப் புரதம். எலியில் 'இரட்டை எதிர்மறை-2' என்ற (சி.டி.4, சி.டி.8 இரண்டும் இல்லாத) ஆரம்பக் கட்டத்தில் அது இயங்கத் தொடங்குகிறது. அதை நீக்கினால் டி செல் ஆகவேண்டியவை இயற்கைக் கொல்லி செல்களைப் போல மாறிவிடுகின்றன என்று 2010இல் தெரிந்தது.

எங்களுக்கு மிகவும் பிடித்த கேள்வி இதற்குள்தான் இருக்கிறது. பி.சி.எல்.11பியை இயக்க வேண்டிய புரதங்கள் எல்லாம் வந்த பிறகும் அது பல நாள் தாமதித்தே இயங்குகிறது. ஏன்? ஒவ்வொரு செல்லிலும் அந்த மரபணுவுக்கு இரண்டு பிரதிகள், தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. 2018இல் வந்த ஆய்வில் ஒரு பிரதியில் மஞ்சளாகவும் மற்றதில் சிவப்பாகவும் ஒளிரும் அடையாளம் சேர்த்து, ஒவ்வொரு செல்லாகக் கவனித்தார்கள். சில செல்களில் ஒரு நிறம் மட்டும் எரிந்தது, மற்றது இருட்டாகவே இருந்தது. ஒரே உட்கரு, ஒரே புரதக் கலவை, ஆனால் ஒரு பிரதி விழித்துவிட்டது, இன்னொன்று தூங்குகிறது. எனவே தாமதத்துக்குக் காரணம் புரதம் போதாமை அல்ல. அந்தந்தப் பிரதியின் மேல் இருக்கும் குரோமாட்டின் பூட்டுதான். அது எப்போது நெகிழும் என்பதில் தற்செயலுக்கும் பங்குண்டு. இந்தத் தாமதத்தால் பயன் இருக்கலாம் என்று கருதுகிறோம். முடிவெடுப்பதற்கு முன் முன்னோடி செல்கள் பல முறை பிரிந்து பெருகிக்கொள்ள நேரம் கிடைக்கிறது.

கேள்வி: பூட்டிய புரதம் போய்விட்டால் பூட்டும் திறந்துவிடுமா?

பதில்: இடத்தைப் பொறுத்தது. பாக்ஸ்-5 விஷயத்தில் திறந்துவிடுகிறது. சி.டி.8 வகை டி செல்லில் சி.டி.4 மரபணுவை அணைத்து வைக்கும் ஒரு டி.என்.ஏ. துண்டு உண்டு. செல் முதிர்ந்த பின் அந்தத் துண்டையே வெட்டி எடுத்தாலும், பல முறை பிரிந்த பிறகும் சி.டி.4 அணைந்தே இருந்தது. தொடங்கி வைப்பது ஒன்று, நிலைநிறுத்துவது வேறொன்று. இந்த இரண்டையும் பிரித்துச் சோதிக்காமல் 'இந்தப் புரதம் இந்த மரபணுவைக் கட்டுப்படுத்துகிறது' என்று எழுதுவது அரைகுறை முடிவு.

கேள்வி: ஏற்பி மரபணுக்களை வெட்டி ஒட்டுவதற்காக டி.என்.ஏ.வை வெட்டும் ராக் நொதி மற்ற இடங்களை வெட்டாமல் எப்படித் தடுக்கப்படுகிறது?

பதில்: பல அடுக்குக் காவல் இருக்கிறது. முதலாவது, ராக்-1, ராக்-2 இரண்டும் சேர்ந்து இருக்க வேண்டும். ஆரம்பநிலை பி, டி செல்களுக்கு வெளியே அவை இப்படிச் சேர்வது இல்லை. இரண்டாவது, வெட்டும் இடத்தில் 7 எழுத்து, 9 எழுத்து என்று இரண்டு அடையாளங்கள், நடுவே 12 அல்லது 23 எழுத்து இடைவெளி இருக்க வேண்டும். 12 இடைவெளி உள்ளது 23 உள்ளதோடுதான் சேரும். மூன்றாவது, ராக்-2வின் ஒரு பகுதி எச்3 என்ற ஹிஸ்டோனின் 4ஆவது இடத்து லைசினில் மூன்று மீத்தைல் (சிறு வேதிக் குறி) உள்ள இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அந்தக் குறி இயங்கும் மரபணுக்களின் தொடக்கத்தில்தான் இருக்கும். எனவே எந்த மரபணுப் பகுதி திறந்திருக்கிறதோ அங்கேதான் நொதி வந்து சேரும். ஒரே நொதி பி செல்லில் ஆன்டிபாடி மரபணுவையும், டி செல்லில் டி செல் ஏற்பி மரபணுவையும் வெட்டுவதற்குக் காரணம் இந்தத் திறப்பு வேறுபாடுதான். நான்காவது, செல் டி.என்.ஏ.வைப் பிரதியெடுக்கத் தயாராகும்போது ராக்-2 சிதைக்கப்படுகிறது. பிரதியெடுக்கும் நேரத்தில் வெட்டு விழுந்தால் ஆபத்து.

ஆன்டிபாடி கனச்சங்கிலி மரபணுவின் வி துண்டுகள் எலியில் சுமார் 25 லட்சம் எழுத்து தூரத்துக்குப் பரவிக் கிடக்கின்றன. தூரத்தில் இருப்பது எப்படி வெட்டும் மையத்துக்கு வருகிறது? கோஹீசின் என்ற வளையப் புரதம் டி.என்.ஏ.வைக் கயிறுபோல் இழுத்து வளையமாக்கிக்கொண்டே போகிறது. கோஹீசினைக் கழற்றிவிடுவது வாப்பல் என்ற புரதம். பாக்ஸ்-5 அந்த வாப்பலின் உற்பத்தியைக் குறைத்துவிடுகிறது. வளையம் சீக்கிரம் கழறாமல் நீண்டுகொண்டே போய், தூரத்து வி துண்டுகளும் முறைக்கு வருகின்றன. 2020இல் தெரியவந்தது இது. பாக்ஸ்-5 இல்லாத செல்லில் அருகே உள்ள வி துண்டுகள் மட்டுமே பயன்பட்டதற்கு அப்போதுதான் தெளிவான விளக்கம் கிடைத்தது.

ராக் முற்றிலும் செயலிழந்த குழந்தைகளுக்கு பி, டி செல் இரண்டும் இல்லாத கடும் நோயெதிர்ப்புக் குறைபாடு வருகிறது. ஓரளவு மட்டும் செயல்பட்டால் ஓமென் நோய் வரலாம். சில டி செல்கள் மட்டும் உருவாகிப் பெருகி, சொந்த உடம்பையே தாக்கும்.

கேள்வி: இரண்டு மாதிரிகளில் ஒரு மரபணுவின் ஆர்.என்.ஏ. அளவு ஒன்றுபோல இருக்கிறது. புரதம் மட்டும் வேறாக இருக்கிறது. சோதனை தவறா?

பதில்: தவறாக இருக்க வேண்டியதில்லை. ஆர்.என்.ஏ. உருவான பிறகும் கட்டுப்பாடு தொடர்கிறது. சி.டி.45க்கு மரபணு ஒன்றுதான், ஆனால் ஆர்.என்.ஏ.வை வெட்டிச் சேர்க்கும் விதத்தில் அனுபவமில்லாத டி செல் ஆர்.ஏ. வடிவத்தையும், நினைவு டி செல் ஆர்.ஓ. வடிவத்தையும் காட்டுகிறது. மரபணு அளவில் மட்டும் எண்ணினால் இரண்டும் ஒன்றாகவே தெரியும். எக்ஸான் (ஆர்.என்.ஏ.வில் சேர்க்கப்படும் மரபணுத் துண்டு) வாரியாக எண்ணிப் பாருங்கள். ஐ.ஜி.எம். ஆன்டிபாடியும் அப்படித்தான். ஆர்.என்.ஏ.வின் வால் முன்னுள்ள இடத்தில் சேர்ந்தால் வெளியே சுரக்கும் வடிவம், பின்னுள்ள இடத்தில் சேர்ந்தால் செல் சவ்வில் நிற்கும் வடிவம்.

மற்ற ஆர்.என்.ஏ.க்களை அடக்கும் சிறு ஆர்.என்.ஏ.க்களான மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களையும் மறக்க வேண்டாம். மைக்ரோ ஆர்.என்.ஏ.-150, மிப் என்ற புரதத்தைக் குறைக்கிறது. முதிர்ந்த செல்லில் இருக்க வேண்டிய அதை முன்னதாகவே இயக்கிவிட்டால், பி செல் வளர்ச்சி ஆரம்பக் கட்டத்திலேயே தடைப்படுகிறது.

கேள்வி: எலித் தைமஸ் செல்களில் அட்டாக்-சீக் (திறந்திருக்கும் டி.என்.ஏ. பகுதிகளைக் கண்டறியும் சோதனை) செய்கிறோம். பாதிக்கு மேல் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வாக வருகிறது. துண்டுகளின் படிக்கட்டு வடிவமும் தெரியவில்லை. எங்கே தவறு?

பதில்: டிஎன்5 நொதி திறந்த டி.என்.ஏ.வில் புகுந்து வெட்டி, அடாப்டரை ஒட்டுகிறது. மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வில் நியூக்ளியோசோம் கிடையாது, அதனால் நொதிக்கு அது தடையில்லாத இரை. உட்கருவை மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து சுத்தமாகப் பிரிப்பதுதான் தீர்வு. 2017இல் வந்த ஆம்னி-அட்டாக் முறைக்கு மாறுங்கள்.

உயிருள்ள 50,000 செல்களை 500 ஜி விசையில் 4 டிகிரியில் 5 நிமிடம் சுழற்றி, 50 மைக்ரோ லிட்டர் குளிர்ந்த கரைசலில் மூன்று முறை பிப்பெட் செய்து கரையுங்கள். கரைசலில் என்.பி.40 0.1 சதவீதம், ட்வீன்-20 0.1 சதவீதம், டிஜிடோனின் 0.01 சதவீதம் இருக்க வேண்டும். ஐஸில் 3 நிமிடம் வையுங்கள். பிறகு ட்வீன் மட்டும் உள்ள 1 மில்லி லிட்டர் கரைசலில் கழுவி, 500 ஜியில் 10 நிமிடம் சுழற்றுங்கள். இந்தக் கழுவலில்தான் மைட்டோகாண்ட்ரியா வெளியேறுகிறது, இதைத் தவிர்க்காதீர்கள். தைமஸ் செல்லின் உட்கரு சிறியது, அடியில் படிந்தது கண்ணுக்குத் தெரியாது. மேல்நீரை ஒரேயடியாக உறிஞ்சினால் உட்கருவும் போய்விடும். பெரிய பிப்பெட்டால் 100 மைக்ரோ லிட்டர் மிஞ்சும்வரை எடுத்து, மீதியைச் சிறிய பிப்பெட்டால் எடுங்கள். அடுத்து 2.5 மைக்ரோ லிட்டர் நொதியோடு 50 மைக்ரோ லிட்டர் கலவையில் 37 டிகிரியில் 30 நிமிடம், குலுக்கிக்கொண்டே.

படிக்கட்டு (நியூக்ளியோசோம் அளவில் வரும் துண்டுகளின் வரிசை) தெரியாததற்குக் காரணங்கள் சில. செத்த செல்கள் கலந்திருந்தால் மூடாத டி.என்.ஏ. எங்கும் சிதறி, பின்னணி இரைச்சல் ஏறும். இறந்தவை 5 முதல் 15 சதவீதம் என்றால், தொடங்கும் முன் மில்லி லிட்டருக்கு 200 யூனிட் டி.என்.ஏ.ஸ் கொடுத்து 37 டிகிரியில் 30 நிமிடம் வைத்து, நன்றாகக் கழுவுங்கள். செல் எண்ணிக்கை குறைந்து நொதி அப்படியே இருந்தால் எல்லாம் சிறு துகளாகிவிடும். நொதியையும் அதே விகிதத்தில் குறைக்க வேண்டும். பி.சி.ஆர். சுற்றுகளைக் கண்மூடித்தனமாக ஏற்றாமல், 5 சுற்று முடிந்ததும் சிறிது எடுத்துக் கியூ.பி.சி.ஆரில் பார்த்து, இன்னும் எத்தனை வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்.

இதைவிட முக்கியமானது ஒன்று. தைமஸின் செல்களில் ஏறக்குறைய 80 சதவீதம் சி.டி.4, சி.டி.8 இரண்டும் உள்ளவை. பிரிக்காமல் போட்டால் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் அவற்றின் வரைபடத்தைத்தான். முன் சொன்ன இரட்டை எதிர்மறை-2 கட்டம் வேண்டுமென்றால் சி.டி.44, சி.டி.25, சி-கிட் என்ற மேற்பரப்பு அடையாளங்கள் மூன்றும் உள்ளவற்றைத் தனியே பிரித்தெடுங்கள்.

கேள்வி: இந்த அறிவு சிகிச்சைக்கு வந்திருக்கிறதா?

பதில்: வந்திருக்கிறது. சிறந்த உதாரணம் அரிவாள் செல் சோகைக்கான காஸ்ஜெவி என்ற மரபணு சிகிச்சை. 2023 நவம்பரில் பிரிட்டனில் முதலில் அனுமதி பெற்றது. இதன் குறி பி.சி.எல்.11ஏ என்ற மரபணு. அது சிவப்பணுவில் கருக்கால ஹீமோகுளோபினை அணைத்து வைக்கிறது. அந்த மரபணுவையே அழித்தால் என்ன? பி செல்லும் அதை நம்பித்தான் வளர்கிறது, அது இல்லாத எலியில் பி செல் வராது. எனவே மரபணுவின் புரதம் தரும் பகுதியைத் தொடாமல், சிவப்பணு வழியில் மட்டும் அதை முடுக்கிவிடும் என்ஹான்சர் பகுதியில் கிரிஸ்பர் என்ற டி.என்.ஏ. வெட்டும் கருவியால் வெட்டு போடுகிறார்கள். ஒவ்வொரு செல் வகைக்கும் தனித் தனி முடுக்கி என்ற ஏற்பாடு இருப்பதால்தான் இது சாத்தியமாயிற்று.

கேள்வி: நோயெதிர்ப்பைக் கட்டுப்படுத்தும் டி செல்களை வளர்க்கிறோம். அவற்றின் அடையாளப் புரதமான ஃபாக்ஸ்பி3க்கான சாயம் 90 சதவீதம் காட்டியது. இரண்டு வாரத்தில் பாதிக்கு மேல் காணவில்லை.

பதில்: ஃபாக்ஸ்பி3ஐ மட்டும் நம்பியதுதான் சிக்கல். 2025இன் மருத்துவ நோபல் பரிசு இந்தச் செல்களையும் இந்த மரபணுவையும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்த மேரி பிரங்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சகாகுச்சி மூவருக்கும் கிடைத்தது. மரபணுவின் பெருமையில் குறை ஒன்றுமில்லை. ஆனால் மனிதர்களின் சாதாரண டி செல்லும் தூண்டப்பட்டால் சிறிது காலம் ஃபாக்ஸ்பி3ஐக் காட்டும், பிறகு விட்டுவிடும். உண்மையான கட்டுப்பாட்டு டி செல்லில், மரபணுவுக்குள் இருக்கும் சி.என்.எஸ்.2 என்ற பகுதியில் மீத்தைல் குறிகள் நீங்கியிருக்கும். எலியில் அந்தப் பகுதியை எடுத்துவிட்டால் ஃபாக்ஸ்பி3 இயங்கத் தொடங்கும், ஆனால் செல் பிரியப் பிரிய நழுவிவிடும்.

எனவே சாயத்தோடு, மீத்தைல் குறிகளைக் காட்டும் பைசல்ஃபைட் முறையில் சி.என்.எஸ்.2 பகுதியின் மீத்தைல் நிலையையும் வளர்ப்பின் முதல் நாளும் கடைசி நாளும் அளந்துவிடுங்கள். ஒரு எச்சரிக்கை: இந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்களின் செல்லில் ஒரு எக்ஸ் அணைந்திருப்பதால் அந்தப் பிரதியில் மீத்தைல் அப்படியே இருக்கும். ஆண் கொடையாளியிடம் சுத்தமான செல்கள் 100 சதவீதத்தை ஒட்டி மீத்தைல் நீங்கியதாகக் காட்டும், பெண் கொடையாளியிடம் 50ஐ ஒட்டித்தான் நிற்கும். பெண் கொடையாளியின் மாதிரியில் 45 சதவீதம் வந்தால் இரண்டால் பெருக்கி, 90 என்று படியுங்கள்.